பிக்அப்ல 'டக்'குன்னு சத்தம் வந்தா, கியர்பாக்ஸ இறக்குறதுக்கு முன்னாடி இத பாருங்க

என்னோடது ஒரு சாதாரண பிக்அப் வண்டி. கொடைக்கானல் மேல பூம்பாறை, மன்னவனூர் பக்கம் கேரட்டு, உருளை, பூண்டு ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல கொண்டு வந்து இறக்குறதுதான் பொழப்பு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாள் ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச்ச விட்டா அடியில 'டக்'குன்னு ஒரு சத்தம். ரிவர்ஸ் போட்டாலும் அதே மாதிரி ஒரு டக்கு. ஒரு ஒர்க் ஷாப்புல விட்டேன், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு கியர்பாக்ஸ் போச்சுன்னாங்க, இறக்குனாங்க, ரெண்டு பேரிங்கு, ஒரு சின்க்ரோ ரிங், ஆயில் சீல், கூலி எல்லாம் சேந்து 18 ஆயிரம் ஆச்சு, வண்டிய எடுத்துக்கிட்டு வெளிய வந்து கேட் பக்கத்துல ஃபர்ஸ்ட் போட்டேன் பாருங்க, 'டக்'.

அப்புறம் டீக்கடை ஓரமா நிறுத்தியிருந்தப்ப ஒரு வயசான மெக்கானிக் அண்ணன் இன்ஜின ஆஃப் பண்ணச் சொல்லி, சக்கரத்துக்கு கல்லு வைக்கச் சொல்லி, ஒரு சாக்க விரிச்சுப் போட்டு உள்ள படுத்து கியர்பாக்ஸ்லருந்து பின்னாடி போற ஷாஃப்ட்ட கையால புடிச்சு இப்படியும் அப்படியும் திருப்புனாரு. "தம்பி குனிஞ்சு பாரு"ன்னாரு. பாத்தா ஷாஃப்ட்ட மடங்கி சுத்த விடுற ப்ளஸ் வடிவ கிராஸ் இருக்குற எடத்துல மூக்குப்பொடி கலர்ல தூள் ஒட்டியிருந்துச்சு. கிரீஸ் காஞ்சு போயி உள்ள ஊசி பேரிங் தேஞ்சு துருவா வெளிய வந்திருக்கு. புது கிராஸ் போட்டு மாட்டுக்கூலியோட ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சுபோச்சு. 18 ஆயிரம் போனது போனதுதான்.

அதுக்கப்புறம் நானா கத்துக்கிட்டத, கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டத, புதுசா வண்டி எடுக்குற தம்பிங்களுக்காக எழுதுறேன். நீங்க மெக்கானிக் ஆக வேண்டாம். ஆனா வண்டிய விடுறப்போ "என்னமோ சத்தம் வருதுண்ணே"ன்னு சொல்றதுக்கும், "மூணாவதுல மட்டும் வருது, கிளட்ச்ச மிதிச்சா நின்னுடுது"ன்னு சொல்றதுக்கும் பில்லுல பெரிய வித்தியாசம் இருக்கு. எந்த பார்ட்ஸ் போச்சுன்னு யோசிக்கிறத விட, எப்ப வருது எப்ப நிக்கிதுன்னு பாக்குறதுதான் முக்கியம்.

முதல்ல சக்தி போற பாதைய மனசுல வச்சுக்கங்க. பொலேரோ பிக்அப், தோஸ்த், குட்டி யானை எல்லாமே பின்சக்கரம் தள்ளுற வண்டிதான், இன்ஜின் முன்பக்கம், இழுவை பின்பக்கம். இன்ஜினுக்குப் பின்னாடி பிளைவீல், அதுல ஒட்டிக்கிட்டு கிளட்ச் பிளேட்டு, அடுத்து கியர்பாக்ஸ், அதுலருந்து பின்னாடி நீளமா போறது புரொப்பல்லர் ஷாஃப்ட், ஜாயிண்ட்டுன்னும் சொல்வாங்க, அது போயி பின் ஆக்சில் நடுவுல குண்டா இருக்குற டிஃபரன்ஷியல்ல சேருது, அதுக்குள்ள கிரவுன், பினியன்னு ரெண்டு பல்சக்கரம் சக்திய ரெண்டு பக்கமும் திருப்பி ஆக்சில் ஷாஃப்ட் வழியா சக்கரத்துக்கு அனுப்புது. இதுல கியர்பாக்ஸ்ல கீழ் கியர்லயும், அப்புறம் டிஃபரன்ஷியல்லயும் சுத்துறது குறையுது, முறுக்கு கூடுது. ஒரு கணக்குக்கு இன்ஜின் 200 நியூட்டன் மீட்டர் டார்க் குடுக்குதுன்னு வைங்க, ஃபர்ஸ்ட் கியர் அத 4 மடங்கு ஆக்குனா ஷாஃப்ட்டுல 800, கிரவுன் பினியன் இன்னொரு 4 மடங்கு ஆக்குனா ஆக்சில்ல 3200. ஏத்தத்துல ஓவர்லோடோட நின்னு ஃபர்ஸ்ட்ல ஒரே மூச்சா கிளட்ச்ச விடுறப்போ ஆக்சில் ஏன் கட் ஆகுதுன்னு இப்ப புரியும், அடி வாங்குறது எப்பவும் பின்னாடி இருக்குறவன்தான்.

வண்டி இழுக்கலன்னு சொல்றாங்க இல்ல, அத மொதல்ல ரெண்டா பிரிக்கணும். மேட்டுல டாப் கியர்ல ஆக்சிலேட்டர மிதிக்கிறீங்க, ஆர்பிஎம் முள்ளு, அதான் இன்ஜின் சுத்துற வேகத்த காட்டுறது, சர்ருன்னு மேல போகுது ஆனா ஸ்பீடு ஏறல, அப்ப கிளட்ச் வழுக்குது. ஆர்பிஎம்மும் ஏறல ஸ்பீடும் ஏறல, வண்டி முக்குதுன்னா அது இன்ஜின் பக்கத்து சமாச்சாரம், டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், டர்போ ஹோஸ் எங்கயாவது விட்டிருக்கலாம், பிரேக் புடிச்சுக்கிட்டு கூட இருக்கலாம். இது தெரியாம நல்ல கிளட்ச் பிளேட்ட மாத்துனவங்க எங்க ஸ்டாண்டுலயே ரெண்டு பேரு இருக்காங்க. கியர் போட்டு விட்டா, ஸ்பீடும் ஆர்பிஎம்மும் ஒண்ணுக்கொண்ணு கயிறு கட்டுன மாதிரி போகணும், கயிறு அறுந்தா கிளட்ச்.

கிளட்ச் வழுக்குதான்னு உறுதிப்படுத்த ஒரு டெஸ்ட். சமதளத்துல, முன்னாடி ஆளு இல்லாத எடத்துல ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்து, கால் பிரேக்கையும் அமுக்கிக்கிட்டு, மூணாவது இல்லன்னா நாலாவது கியர் போட்டு கிளட்ச்ச மெதுவா விடுங்க. நல்ல கிளட்ச்சா இருந்தா இன்ஜின் உடனே குலுங்கி ஆஃப் ஆயிடும். ஆஃப் ஆகாம பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்தா பிளேட் தேஞ்சிருச்சு, இல்ல அதுல ஆயில் ஏறியிருக்கு. இத ஒரு தடவ செஞ்சா போதும், திரும்பத் திரும்ப செஞ்சா இருக்குற கொஞ்ச நஞ்ச பிளேட்டும் கருகிரும். அந்த கருகுன வாசனை ஒரு தடவ மூக்குல ஏறுனா மறக்காது. கொடைக்கானல் ரோட்டுல கொண்டைஊசி வளைவுல முன்னாடி பஸ் திரும்புறதுக்கு நிக்கிறப்ப பிரேக் புடிக்காம ஹாஃப் கிளட்ச்சுலயே வண்டிய நிறுத்தி வைக்கிறவங்க பக்கத்துல போனாலே தெரியும்.

இதுக்கு நேர் எதிர் கோளாறு, பெடல மிதிச்சாலும் கிளட்ச் பிளேட்டு இன்ஜின முழுசா விடாம இருக்குறது. கியர் கஷ்டமா விழும், ரிவர்ஸ் போட்டா 'கர்ர்ர்'ன்னு அரைக்கும். இத பாத்ததும் கியர்பாக்ஸ்னு முடிவு கட்டிராதீங்க. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு அஞ்சு கியரையும் போட்டுப் பாருங்க. ஆஃப்ல வெண்ணெய் மாதிரி விழுந்து, ஸ்டார்ட் பண்ணுனா மட்டும் முரண்டு புடிச்சுதுன்னா தப்பு கிளட்ச்சுலதான். இன்னொண்ணு, ஐடிலிங்ல கிளட்ச்ச முழுசா மிதிச்சு ஒரு நாலஞ்சு செகண்ட் பொறுத்துட்டு ரிவர்ஸ் போடுங்க, நிறைய வண்டில ரிவர்சுக்கு ரெண்டு பக்கத்து ஸ்பீட ஒண்ணாக்குற சின்க்ரோ ரிங் கிடையாது, அதனால உள்ள சுத்துறது நிக்க கொஞ்சம் நேரம் வேணும். பொறுத்தும் அரைச்சா உள்ள சுத்துறது நிக்கவே இல்லன்னு அர்த்தம், கிளட்ச் இழுத்துக்கிட்டே இருக்கு. காரணம் ஒருவேளை ரொம்ப சின்னதா இருக்கும். ஹைட்ராலிக் கிளட்ச்சா இருந்தா டப்பால ஆயில் குறைஞ்சிருக்கலாம், காத்து ஏறியிருக்கலாம், கீழ கியர்பாக்ஸ் பக்கத்துல இருக்குற ஸ்லேவ் சிலிண்டர் கசியலாம், பெடல ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணுனா கியர் விழுதுன்னா இதுதான். கேபிள் வண்டியா இருந்தா கேபிள் இழுபட்டிருக்கும், டைட் பண்ணுனா சரி. கியர்பாக்ஸ இறக்க வேண்டிய வேலையே இல்ல.

சத்தத்துக்கு வருவோம். வண்டிய நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி கிளட்ச்சுல கால் வைக்காம காது குடுங்க. அப்புறம் கிளட்ச்ச மெதுவா மிதிங்க. மிதிச்சதும் சத்தம் புதுசா வந்தா, பெடல மிதிக்கிறப்ப கிளட்ச்ச அமுக்குற ரிலீஸ் பேரிங். மிதிச்சதும் இருந்த சத்தம் நின்னா கியர்பாக்சுக்குள்ள இன்ஜின்லருந்து சக்தி உள்ள வர்ற இன்புட் ஷாஃப்ட் பேரிங், இல்லன்னா அதுக்கு கீழ கூடவே சுத்துற லே ஷாஃப்ட் பேரிங், ஏன்னா நியூட்ரல்ல கிளட்ச் மேல இருக்குறப்ப அது ரெண்டும் சுத்திக்கிட்டேதான் இருக்கும், மிதிச்சா நின்னுரும். டீசல் வண்டில நியூட்ரல்ல லேசா 'கடகட'ன்னு வர்றது சகஜம்தான், அதுக்கு பயப்பட வேண்டாம், ஆனா அது நாளுக்கு நாள் கூடுதா அப்படியே இருக்கான்னு கவனிச்சுக்கங்க.

ஓடுறப்போ கியர்பாக்ஸ் ஊளை விட்டா எந்தெந்த கியர்லன்னு பாக்கணும். ஒரே ஒரு கியர்ல மட்டும் வந்தா அந்த கியரோட பல்லுலயோ அதோட பேரிங்லயோதான் தேய்மானம். இதுல எனக்கு ரொம்ப புடிச்ச ஒரு சூட்சுமம் இருக்கு. அஞ்சு கியர் வண்டி பெரும்பாலும் நாலாவது கியர் டேரக்டா போகும், அதாவது இன்ஜின் எவ்வளவு சுத்துதோ ஷாஃப்ட்டும் அவ்வளவே சுத்தும், சக்தி கீழ லே ஷாஃப்ட்டுக்கு இறங்காம நேரா பின்னாடி போயிடும். மத்த எல்லா கியர்லயும் கீழ இறங்கி ஏறித்தான் போகணும். அதனால ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சுல சத்தம் போட்டுட்டு நாலுல மட்டும் கமுக்கமா போனா அது லே ஷாஃப்ட் வேலை. நாலுலயும் அதே சத்தம் வந்தா வேற எடத்துல தேடணும். பாக்ஸ திறக்காமயே உள்ள பாதி தெரிஞ்சுபோச்சு பாருங்க.

கியர் ஷிஃப்ட் பண்றப்போ ஒரு கியர்ல மட்டும் அரைச்சா சின்க்ரோ ரிங் தேஞ்சிருக்கும், அது பித்தளை ரிங்கு, ஷிஃப்ட் பண்றப்ப ரெண்டு பக்கத்து ஸ்பீடையும் ஒண்ணாக்குறது அதோட வேலை. கிளட்ச்ச ரெண்டு தடவ மிதிச்சு, நடுவுல நியூட்ரல்ல லேசா ரேஸ் குடுத்து கியர் இறக்குங்க, பழைய லாரி டிரைவருங்க செய்வாங்களே அந்த மாதிரி. அப்படி செஞ்சா அரைக்காம விழுதுன்னா சின்க்ரோதான், வேலைக்கு காசு சேக்குற வரைக்கும் இப்படியே ஓட்டலாம். எல்லா கியரும் அரைச்சா திரும்ப கிளட்ச் பக்கம் போங்க, எல்லா ரிங்கும் ஒரே நாள்ல தேயாது. கியர் தானா எகிறி நியூட்ரலுக்கு வருதுன்னா, குறிப்பா எறக்கத்துல ஆக்சிலேட்டர விடுறப்போ, அத தள்ளிப் போடாதீங்க, இன்ஜின் பிரேக்கிங்க நம்பி மலை இறங்குற வண்டிக்கு அது உசுரு சம்பந்தப்பட்டது. உள்ள ஃபோர்க்கு, ஸ்பிரிங்கு, ஹப் பல்லு தேஞ்சிருக்கலாம், ஆனா மொதல்ல இன்ஜின் மவுண்ட்டிங், கியர்பாக்ஸ் மவுண்ட்டிங் ரப்பர் பிஞ்சிருக்கான்னு பாருங்க, ரப்பர் பிஞ்சா பாக்ஸே ஆடும், பாக்ஸ் ஆடுனா லிவரும் கியர புடுங்கிடும்.

இப்ப ஷாஃப்ட்டு. என்னைய 18 ஆயிரம் செலவு பண்ண வச்ச ஆளு. பின் ஆக்சில் பட்டை மேல, அதான் லீஃப் ஸ்பிரிங் மேல, உக்காந்து மேலயும் கீழயும் ஆடுது, கியர்பாக்ஸ் சேசிஸ்ல ஃபிக்ஸா இருக்கு, அதனால நடுவுல போற ஷாஃப்ட் மடங்கி மடங்கி சுத்தணும், அதுக்குத்தான் யூஜே கிராஸ். ப்ளஸ் குறி மாதிரி ஒரு கட்டை, நாலு முனையிலயும் நாலு கப்பு, கப்புக்குள்ள ஊசி பேரிங். நீளமான வண்டில ஷாஃப்ட் ரெண்டு துண்டா இருக்கும், நடுவுல சேசிஸ்ல தொங்குற ரப்பருக்குள்ள ஒரு சென்டர் பேரிங். கிராஸ் தேய ஆரம்பிச்சா மொதல்ல கிரீஸ் காஞ்ச கீச்சு சத்தம், மெதுவா போறப்ப ஷாஃப்ட் சுத்துறதோட சேந்து 'கீச் கீச் கீச்'னு குருவி மாதிரி, ஸ்பீடு ஏறுனா கேக்காது. அடுத்த ஸ்டேஜ் அந்த டக்கு, கியர் போட்டு விடுறப்பயும், ஓடுறப்ப ஆக்சிலேட்டர விட்டு புடிக்கிறப்பயும். அதுக்கும் அடுத்த ஸ்டேஜ்ல கிராஸ் உடைஞ்சு ஷாஃப்ட்டோட முன்முனை ரோட்டுல குத்துனா வண்டிய தூக்கி அடிச்சிரும், அது வரைக்கும் விட்டா தப்பு நம்ம மேலதான்.

பாக்குறது சுலபம். சமதளத்துல இன்ஜின் ஆஃப், சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லு, கியர் நியூட்ரல். கிராச புடிச்சிருக்கிற கவட்டைக்கு யோக்குன்னு பேரு, ஒரு பக்கத்து யோக்க ஒரு கையிலயும் அடுத்த பக்கத்த இன்னொரு கையிலயும் புடிச்சு எதிரும் புதிருமா முறுக்குங்க, மேலயும் கீழயும் தூக்கிப் பாருங்க. அந்த கிராசுல ஒரு துளி ஆட்டம் கூட இருக்கக்கூடாது. ஷாஃப்ட் மொத்தமா கொஞ்சம் திரும்புறது வேற, அது டிஃபரன்ஷியல் பல்லுக்கு நடுவுல இருக்குற இடைவெளி, கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. கிரீஸ் நிப்பிள் இருக்குற கிராசா இருந்தா கன் வச்சு அடிக்கிறப்போ நாலு கப்பு வழியாவும் புது கிரீஸ் வெளிய வரணும், மூணுல வந்து ஒண்ணுல வரலன்னா அந்த நாலாவதுதான் நாளைக்கு போகப் போறது. மழையில தண்ணி தேங்குன ரோட்டுல ஓட்டிட்டு வந்தா அடுத்த நாளே ஒரு தடவ கிரீஸ் அடிச்சிடுங்க.

ஷாஃப்ட்ட கழட்டுறதா இருந்தா கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுக்கங்க. கிராஸ் மடங்கி சுத்துறப்போ வெளிய போற ஸ்பீடு ஒரே சீரா இருக்காது, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ கூடி ரெண்டு தடவ குறையும். ஷாஃப்ட்டோட ஒரு முனையில இருக்குற கிராஸ் பண்ற ஏத்த இறக்கத்த மறுமுனையில இருக்குறது எதிர்மாறா பண்ணி சரிக்கட்டிடும், ஆனா ரெண்டு யோக்கும் ஒரே நேர்ல இருந்தாத்தான். ஷாஃப்ட் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சேர்ற பல்லு வெட்டுல, அதான் ஸ்ப்லைன்ல, ஒரு பல்லு மாத்தி மாட்டுனாலும் போச்சு, புது கிராஸ் போட்டும் வண்டி நடுங்கும், நீங்க போயி மறுபடியும் வீல் பேலன்ஸ் பாத்துக்கிட்டு இருப்பீங்க. இதே மாதிரி லோடு தாங்கணும்னு பின்னாடி எக்ஸ்ட்ரா பட்டை ஏத்துறாங்களே, அதுலயும் ஆக்சில் கோணம் மாறி காலி வண்டியில அதிர்வு வரும், லோடு ஏத்துனா சரியாகும். வண்டி காலியா போறப்ப நடுங்கி லோடுல நல்லா போகுதுன்னா பட்டைய பாருங்க.

அதிர்வு டயரா ஷாஃப்ட்டான்னு பிரிக்க ஒரு சின்ன கணக்கு. 60 கிலோமீட்டர் வேகம்னா நிமிசத்துக்கு 1000 மீட்டர். டயரோட சுத்தளவு ஏறக்குறைய 2 மீட்டர்னு வச்சா சக்கரம் நிமிசத்துக்கு 500 சுத்து, செகண்டுக்கு 8 சொச்சம். ஷாஃப்ட் அத விட 4 மடங்கு சுத்துதுன்னா செகண்டுக்கு 33. செகண்டுக்கு 8 தடவ வர்றது ஸ்டியரிங்லயும் சீட்டுலயும் 'தட தட'ன்னு எண்ணலாம் போல தெரியும், 33 வர்றத எண்ண முடியாது, செல்போன் வைப்ரேட்ல இருக்குற மாதிரி ஃப்ளோர்ல 'ர்ர்ர்'னு வரும். கால் பாதம் கூசுற அதிர்வு ஷாஃப்ட், உடம்பு ஆடுற அதிர்வு டயர். இன்ஜின் அதிர்வான்னு சந்தேகமா இருந்தா காலி ரோட்டுல சமதளத்துல அதே ஸ்பீடுல கியர மாத்திப் பாருங்க, ஆர்பிஎம் மாறும் ஸ்பீடு மாறாது, அப்பவும் அதிர்வு அப்படியே இருந்தா இன்ஜின் இல்ல. கிளம்புறப்போ மட்டும் லோடோட 'குடுகுடு'ன்னு உதறுனா ரெண்டு காரணம். கிளட்ச் பாதி புடிச்சிருக்கிறப்ப மட்டும் உதறி, முழுசா விட்டதும் நின்னா கிளட்ச். முழுசா விட்டப்புறமும் ஒரு இருபது முப்பது அடிக்கு உதறுனா சென்டர் பேரிங் ரப்பர் பிஞ்சு ஷாஃப்ட் தொங்கியிருக்கும்.

டிஃபரன்ஷியல் ஊளை விடுறதுக்கு ஒரு அடையாளம், ஆக்சிலேட்டரோட சேந்து மாறும். 50, 60ல போறப்ப மிதிச்சா ஊளை, விட்டா நிக்கும், இல்ல மிதிச்சா நிக்கும், விட்டா ஊளை. கிரவுன் பினியன் பல்லு ஒரு பக்கம் தேஞ்சா இப்படி. மிதிச்சாலும் விட்டாலும் ஒரே 'கொர்ர்'ரா இருந்தா உள்ள இருக்குற பேரிங் பக்கம் சந்தேகப்படலாம். திரும்புறப்ப மட்டும் கடகடன்னா உள்ள இருக்குற குட்டி பல்லுங்க, நேரா போறப்ப அதுக்கு வேலையே இல்ல. பின்னாடி ரெண்டு டயர்ல ஒண்ணு புதுசு ஒண்ணு மொட்டைன்னு போட்டு ஓட்டுறாங்க இல்ல, அப்ப நேர் ரோட்டுலயும் அந்த குட்டி பல்லுக்கு ஓயாம வேலை குடுக்குறீங்க.

ஆனா டிஃபரன்ஷியல்னு நெனச்சு ஏமாறுறது சக்கரத்துல இருக்குற ஹப் பேரிங்லதான் ஜாஸ்தி. அத பிரிக்க ஆள் இல்லாத அகலமான ரோட்டுல மெதுவான ஸ்பீடுல லேசா இடப்பக்கம் வலப்பக்கம் வளைச்சுப் பாருங்க. இடப்பக்கம் வளைச்சா பாரம் வலப்பக்க சக்கரத்துல விழும், அப்ப சத்தம் கூடுனா வலது ஹப். டயர் சத்தமா இருந்தா ரோட்டோட மாறும், தார் ரோட்டுல ஒரு மாதிரி சிமெண்ட் ரோட்டுல ஒரு மாதிரி.

வண்டி சுத்தமா நகரவே இல்லன்னா? கியர் போட்டு கிளட்ச்ச விட்டாச்சு, இன்ஜின் ஓடுது, வண்டி நிக்கிது. பக்கத்துல இருக்குற ஆள தள்ளி நின்னு, உள்ள போகாம, குனிஞ்சு ஷாஃப்ட் சுத்துதான்னு மட்டும் பாக்கச் சொல்லுங்க. ஷாஃப்ட் சுத்துனா ஆக்சில் கட் ஆகியிருக்கும், இல்லன்னா டிஃபரன்ஷியல். சுத்தலன்னா கிளட்ச், இல்லன்னா கியர்பாக்ஸ். ஸ்பீடோமீட்டருக்கு கியர்பாக்ஸ்லருந்து லைன் எடுத்த பழைய வண்டியா இருந்தா ஆள் கூட வேண்டாம், நிக்கிற வண்டில முள்ளு 20 காட்டும், அப்பவே தெரிஞ்சுபோகும் கோளாறு பின்னாடின்னு. டோ பண்ண வர்றவருகிட்ட போன்லயே சொல்லலாம்.

ஃபோர் வீல் பிக்அப் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. லிவர் போட்டு முன்சக்கரத்த சேக்குற மாடல்ல காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல்ல ஓட்டாதீங்க, திரும்புறப்ப முன்சக்கரமும் பின்சக்கரமும் வேற வேற தூரம் ஓடணும், உள்ள அதுக்கு வழி இல்ல, எல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்கும், லிவரும் எடுபடாது. பாக்ஸ் போச்சுன்னு பதறாம நேரா கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தா முறுக்கு அவுந்து லிவர் வந்துரும்.

கடைசியா ஆயில். காசு செலவில்லாம உள்ள எட்டிப் பாக்குற ஜன்னல் இதுதான். கியர்பாக்சுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஊத்துற ஓட்டை ஒண்ணு, வடிக்கிற ஓட்டை ஒண்ணு இருக்கும். எப்பவும் ஊத்துற போல்ட்ட மொதல்ல கழட்டிப் பாத்துட்டு அப்புறமா வடிக்கிறத தொடுங்க, ஆயில வடிச்சு முடிச்சுட்டு மேல் போல்ட் துரு புடிச்சு வரலன்னா வண்டி அங்கயே படுத்துரும். சமதளத்துல ஊத்துற ஓட்டைக்குள்ள சுண்டு விரல விட்டா ஓட்டையோட கீழ் விளிம்புல ஆயில் தட்டுப்படணும். வடிக்கிற போல்ட்டு நுனில காந்தம் இருந்தா அதுல சாம்பல் கலர்ல மாவு மாதிரி ஒட்டியிருக்கிறது நார்மல். விரல்ல தேச்சா குத்துற மாதிரி செதில், துண்டு இருந்தா பல்லோ பேரிங்கோ உதிருது. வடிச்ச கியர்பாக்ஸ் ஆயில ஒரு வெள்ள தட்டுல ஊத்தி வெயில்ல சாய்ச்சுப் பாருங்க, தங்க ஜிகினா தூவுன மாதிரி மினுங்குனா அது காந்தத்துல ஒட்டாத பித்தளை, சின்க்ரோ ரிங் கரையுது. ஆயில் வாங்குறப்போ வண்டி புக்குல என்ன போட்டிருக்கோ அதுதான், ஜிஎல் 4ங்கிற ஆயில் ரகம் கேட்ட கியர்பாக்சுல டிஃபரன்ஷியலுக்கு வாங்குன ஜிஎல் 5 மிச்சம் இருக்கேன்னு ஊத்தாதீங்க, அதுல கூடுதலா இருக்குற கந்தக மருந்து எல்லா பித்தளைக்கும் ஒத்துக்காது.

அப்புறம் ஆக்சில் ஹவுசிங் மேல விரல் நுனி சைசுல ஒரு பிரீதர் மூடி இருக்கும், யாரும் கண்டுக்கிறதே இல்ல. மலையில சேறு அடிச்சு அது அடைச்சா, ஓடி ஓடி உள்ள சூடாகி காத்து விரியும், வெளிய போக வழி இல்லாம ஆயில் சீல தள்ளிக்கிட்டு ஆயில் ஹப்பு வழியா வெளிய வரும், வந்து நேரா பிரேக் ஷூ மேல ஏறும். சீல் மாத்துன ஒரே மாசத்துல மறுபடியும் கசியுதுன்னு ரெண்டு தடவ சீல் மாத்தியாச்சு, மூணாவது தடவைதான் யாரோ பிரீதர பத்தி சொல்லி ஒரு ஊசி கம்பிய விட்டுக் குத்துனேன், 'புஸ்'சுன்னு காத்து வந்துச்சு. அதுக்கப்புறம் கசியல.

இப்ப என் வண்டில புதுசா ஒண்ணு. பத்து நாளா 55ல ஆக்சிலேட்டர விட்டா பின்னாடி லேசா ஒரு ஊளை, மிதிச்சா நின்னுடுது, வளைச்சா மாறல, ரோடு மாறுனா மாறல. ஆயில வடிச்சுப் பாத்தேன், மாவுதான் இருக்கு, செதில் இல்ல. டேஷ்போர்டுல ஒரு நோட்டு போட்டு தேதியும் கிலோமீட்டரும் எழுதி வச்சிருக்கேன். கூடுச்சுன்னா கிரவுன் பினியனுக்கு காசு பொரட்டணும், கூடாம இருந்தா தை மாசம் வரைக்கும் ஓட்டிடலாம்னு இருக்கேன்.